ஆறு முறை ‘நல்லா கீது’

ஆம்ப்ளிஃபையர் சூடேறும்போது அதன் துளைகள் வழியே எழும் வாசனையைப் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி முகர்ந்தேன். வெந்த தூசியும் வார்னிஷும் கலந்த அதே வாசனை. லாரி பேட்டரியின் அமில நெடி மட்டும் அதில் இல்லை. அந்த வாசனையால் உன்னை நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். உன்னை நினைப்பதற்காகவே அங்கே போனேன். இந்தக் கடிதத்தில் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னிடம் இதற்கு முன் சொன்ன பொய்கள் எத்தனை என்பது இப்போது எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையில் ஒரு பெரிய ஹோட்டல். அதன் இரண்டாம் தளத்தில் நான்கு அறைகளை எடுத்து, சென்னை வியாபாரி ஒருவர் உயர்ரக ஒலிக்கருவிகளைக் காட்சிக்கு வைத்திருந்தார். வாசலில் பெயர் கேட்டு, எழுதி, அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். நடந்து மலையேறப் போகிறவர்கள் கீழே சாலையில் கோவிந்தா சொல்லிக்கொண்டு போனார்கள். அறைக் கதவு சாத்தியதும் அந்தச் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், பளபளக்கும் கருப்பு. அவற்றுக்கு நடுவே, தரையில் பலகை மேல் ஏற்றி வைத்த ஓர் இரும்புப் பெட்டி. கோட்டு போட்ட விற்பனையாளர் அதன் முன் குனிந்து, ஏதோ சந்நிதியில் நிற்பவரைப் போல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சார், இது லைன் கரண்ட்ல ஓடல. பேட்டரில ஓடுது. கரண்ட்ல வர்ற அழுக்கு ஒரு துளிகூட உள்ள வராது. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வர்ற அந்த அமைதியைக் கேளுங்க. அதுக்குத்தான் சார் இந்த விலை.”

விலையைச் சொன்னார். நகரியில் உன் வீட்டையும் தறிக்கொட்டகையையும் சேர்த்து இரண்டு முறை வாங்கலாம்.

“எங்க ஊர்ல ரெண்டு பேர்கிட்ட இந்த மாதிரி இருந்திச்சி” என்றேன்.

“நல்ல ஜோக் சார்” என்று சிரித்தார்.

திருப்பதியில் நாம் இருவரும் ஒரே வகுப்பில் இயற்பியல் படித்தோம். நான் மேலே படித்து அங்கேயே கல்லூரி ஆசிரியனாக அமர்ந்தேன். நீ பட்டம் வாங்கிய மாதத்திலேயே உன் நைனா படுக்கையில் விழ, நகரிக்குத் திரும்பி நான்கு விசைத்தறிகளுக்கு முன்னால் நின்றாய். வகுப்பில் உன் மதிப்பெண் என்னுடையதைவிட அதிகம். இதை நீ ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் இன்றைக்கு உன்மேல் கோபப்படுவது எனக்கு இன்னும் எளிதாக இருந்திருக்கும்.

அப்போது தொழிற்கூடங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மின்சாரம் கிடையாது. பவர் ஹாலிடே. உங்கள் பகுதிக்கு அது ஞாயிற்றுக்கிழமை. தெருவே அந்த நாளைத் திட்டும். நாம் இருவர் மட்டும் அதற்காகக் காத்திருந்தோம். மற்ற ஆறு நாளும் உன் தெருவில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்க வேண்டுமென்றால் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். ஞாயிறு காலை பஸ்ஸில் நான் வந்து இறங்கும்போது தெருவில் காக்கை கரைவது கேட்கும். உன் சித்தப்பாவின் லாரியிலிருந்து இரண்டு பேட்டரிகளைக் கழற்றி, கோணியில் வைத்து நாம் தூக்கி வருவோம். அவற்றைக் கோத்தால் இருபத்துநான்கு வோல்ட். அதில் ஓடும்படி ஓர் ஆம்ப்ளிஃபையரை நீயே கட்டியிருந்தாய். அமைதிக்காக நாம் ஒன்றும் செலவு செய்யவில்லை. அது மின்வாரியம் தந்தது.

பெட்டிகளின் பலகையைப் புத்தூர் தச்சர் அறுத்துக் கொடுத்தார். உள்ளே எதிரொலியை அடக்கப் பஞ்சு வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்ததை நான் வந்து சொன்னேன். நீ எழுந்துபோய்த் தறிகளுக்கு அடியில் கூட்டி வைத்திருந்த நூல் கழிவை ஒரு கூடை அள்ளி வந்தாய். சிவப்பும் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாக, அந்த வாரம் நெய்த சேலைகளின் மிச்சம். எவ்வளவு திணிப்பது என்று கணக்குப் போட நான் காகிதம் எடுத்தேன்.

“வாத்தி, உன் பிசிக்ஸு போர்டுலதான் பாடும். இது பொட்டில பாடணும். தள்ளி உக்காரு” என்றாய்.

கைப்பிடி கைப்பிடியாகத் திணித்து, ஒவ்வொரு முறையும் பெட்டியை விரலால் சுண்டிக் காது வைத்துக் கேட்டாய். போதும் என்று நீ நிறுத்திய இடம் சரியான இடம். பிறகு நான் ஆய்வகக் கருவியால் அளந்தபோதும் அது சரியாகவே இருந்தது.

மேல் சத்தத்தைத் தரும் சின்ன ட்வீட்டருக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். அந்தத் தடையின் அளவு கூடினால் ட்வீட்டர் அடங்கும், குறைந்தால் கத்தும். அந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க நமக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. சோதிப்பதற்கு நம்மிடம் ஒரே கேசட். நாராயணவனம் கோயில் உற்சவத்தில், இரண்டு மைக்குகளைக் குடைக்கம்பியில் கட்டிப் பிடித்துக்கொண்டு நாமே பதிவு செய்த நாகஸ்வரம். கடைசியில் எட்டு புள்ளி இரண்டு ஓமில் நின்றோம். நாகஸ்வரமும் தவிலும் ஜால்ராவும் அவரவர் இடத்தில் நின்றன. அன்று கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டோம். அமுலு டீ கொண்டுவந்தாள். அவளுக்கு உன்னோடு கல்யாணமாகி அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன. “இப்பத்தான் மனுஷன் ஊதறாப்பல கீது” என்று அவள் சொன்னாள். அந்தப் பெட்டிகளைப் பற்றி யாரும் அதைவிடச் சரியாக எதையும் சொன்னதில்லை.

அந்தக் கேசட்டைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணினிக்கு மாற்றி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வழக்கமான தங்கள் பாட்டுகள் முடிந்ததும் விற்பனையாளர் என்னைப் பார்த்தார். கொடுத்தேன்.

என்ன கேட்டது என்பதை உனக்கு அளவாகவே சொல்கிறேன். நாகஸ்வரக்காரர் மூச்சு இழுப்பது கேட்டது. தவிலின் தோலும் குச்சியும் தனித்தனியாகத் தெரிந்தன. ஜால்ரா பின்னால், கொஞ்சம் வலப்பக்கம், அந்த மண்டபத் தூணுக்கு அருகே இருந்தது. எல்லாம் மிக நன்றாக இருந்தது. நம் பெட்டிகள் முதல் ஆண்டில் எப்படிப் பாடினவோ அப்படியே இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் இதைப் பெருமைக்காக எழுதவில்லை. நீ இருபத்தெட்டு வயதில், பலகையும் நூல் கழிவும் லாரி பேட்டரியும் கொண்டு தொட்ட இடத்தை இவர்கள் இத்தனை லட்சத்தில் தொட்டிருக்கிறார்கள். அந்த இடத்திலிருந்து உன்னை ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதற்காக எழுதுகிறேன்.

பதிவின் முடிவில் உன் குரல் வரும், நினைவிருக்கிறதா? “ஆச்சி, நிறுத்துடா.” அந்த இரண்டு சொல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, தரையிலிருந்து சரியாக ஓர் ஆள் உயரத்தில் எழுந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பாத்தீங்களா சார்? நேர்ல ஆளு நிக்கிற மாதிரி இருக்கும். இதுக்குத்தான் இமேஜிங்னு சொல்றது” என்றார் விற்பனையாளர். “யார் சார் பேசறது?”

“என் சினேகிதன்.”

“சாரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க சார்.”

மின்சாரம் சீரானது ஊருக்கு நல்லதாகவும் நமக்குக் கெட்டதாகவும் முடிந்தது. பவர் ஹாலிடே போனது. உன் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் தறியை நிறுத்துவதில்லை. நான் வருவதும் மாதம் ஒரு முறையாயிற்று. ஒரு முறை நீ வாசலிலேயே நிறுத்தி, “பக்கத்து வூட்டுத் தறில மேல் சத்தம் அமுங்கிப் போவுதுடா. ரெசிஸ்டர மாத்தி கொஞ்சம் ஏத்திக்கீறேன். கேட்டுச் சொல்லு” என்றாய்.

கேட்டேன். ஜால்ரா தன் இடத்தை விட்டு முன்னால் வந்து நின்றது. சுவருக்கு அப்பால் தறி ஓடிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் தறிச் சத்தத்துக்கும் மேலே அது துருத்தியது. எனக்குத் தெரிந்தது. ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. இல்லை என்று சொன்னால் நீ உடனே பெட்டியைத் திறப்பாய். மறுபடி கேட்க வேண்டும். ஏன் என்று விளக்க வேண்டும்.

“நல்லா கீதுடா” என்றேன். பஸ்ஸைப் பிடித்தேன்.

முதல் பொய்யின் காரணம் இவ்வளவுதான். உன்னைப் புண்படுத்தக் கூடாது என்ற அன்பு என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அன்பு பிறகு வந்தது. முதலில் வந்தது ஐந்தரை பஸ்.

அடுத்த முறை தடையை இன்னும் குறைத்திருந்தாய். முன்பு நல்லா இருக்கிறது என்று சொன்னவன் இப்போது எப்படி மாற்றிச் சொல்வான்? சொன்னேன்: நல்லா கீது. அதற்கடுத்த முறையும். உன்னிடம் காரணம் கேட்டால் தறி என்பாய். நானும் தறி என்று நம்புவதுபோல் தலையாட்டுவேன். அந்தச் சுவரும் அந்தத் தறிகளும் நம் இருவருக்கும் எவ்வளவு வசதியாக இருந்தன என்பதை இப்போது நினைக்கிறேன். வேறு ஊரில், அமைதியான ஒரு தெருவில், யாராவது ஒருவன் ட்வீட்டரை இப்படி ஏற்றிக்கொண்டே போயிருந்தால் இரண்டாவது முறையே உண்மை வெளியே வந்திருக்கும். நகரியில் எதற்கும் தறிமேல் பழிபோடலாம். பழி அங்கேதான் இருந்தது, ஆனால் நாம் சொன்ன விதத்தில் இல்லை. தறி உன் பாட்டை அமுக்கவில்லை. உன் காதைத் தின்றுகொண்டிருந்தது.

நான் இயற்பியல் ஆசிரியன். இரைச்சலில் வேலை செய்பவரின் காது எந்த ஸ்தாயியில் முதலில் செத்துப்போகும் என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியவன். வேண்டிய ஸ்தாயியில் ஒலி எழுப்பும் ஆஸிலேட்டர் ஆய்வகத்தில் இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டி, திருகைத் திருப்பி, கேட்காமல் போகும் இடத்தில் கை தூக்கச் சொல்லும் சோதனை. எத்தனை மாணவர்களை அதன் முன் உட்காரவைத்திருப்பேன். நகரியிலிருந்து திருப்பதிக்கு நீ நூல் விஷயமாக வந்துபோய்க்கொண்டுதான் இருந்தாய். ஒரு பத்து நிமிடம். உன்னை அங்கே உட்காரவைக்க எனக்கு ஒரு பத்து நிமிடம் கிடைக்கவில்லை.

ஒன்று செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கி வந்து கொடுத்தேன். நீ அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துச் சிரித்தாய்.

“இத்த வச்சிக்கினா தறி இன்னா சொல்லுதுன்னு எவன் கேக்கறது? அதோ, மூணாந்தறி இருமுது. உனக்குக் கேக்குதா? கேக்காது. நீ வாத்தி.”

எழுந்துபோய் மூன்றாவது தறியை நிறுத்தினாய். ஓர் இழை அப்போதுதான் அறுந்திருந்தது. காது இவ்வளவு கூர்மையாக இருக்கிறவனுக்கு என்ன கேடு என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். காதடைப்பான் இருந்த சின்ன டப்பாவில் அமுலு ஊசிகளைப் போட்டு வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு கட்டத்தில் தறி இருமுவது உனக்குக் கேட்காமல் போயிற்று. இழை அறுந்தது தெரியாமல் முழம் முழமாக நெய்தாய். நூல் கொடுக்கும் முதலாளி சேலைகளைத் திருப்பி அனுப்பினார். “கண்ணு தெரியலையாப்பா உனக்கு?” என்று கடையில் எல்லார் முன்னாலும் கேட்டாராம். நீ புத்தூருக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாய். கண்ணாடியோடு உன்னைப் பார்த்த அன்று நான் கேலி செய்தேன்: “இன்னாடா, நீயும் வாத்தி ஆயிட்டியா?” நீ சிரித்தாய். இப்போது அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு உறுதியில்லை. நான் சொன்னது கேட்டுச் சிரித்தாயா, என் வாய் அசைந்ததைப் பார்த்துச் சிரித்தாயா?

கண்ணாடி உதவவில்லை. நான்கு தறிகளும் பழைய இரும்புக்குப் போயின. தறிக்கொட்டகை அமைதியானபோது பெட்டிகளும் அமைதியாயின. நீ பாட்டு போடுவதை விட்டுவிட்டாய் என்று அமுலு தொலைபேசியில் சொன்னாள். தொலைபேசியில் உனக்கும் எனக்கும் நடுவில் அவள்தான். நான் கேட்பதை அவள் உன் காதருகே கத்துவாள். நீ சொல்வது எனக்கு நேரடியாகவே கேட்கும், ஏனென்றால் நீயும் கத்துவாய். காது டாக்டரிடம் போகலாம் என்றேன். “அவரு ஒத்துக்க மாட்டேங்கறாரு அண்ணா. சளி புடிச்சிக்கீதுன்றாரு” என்றாள். நானும் சளி என்று விட்டுவிட்டேன்.

உன் கடைசி நாள்களைப் பற்றி நீ எனக்குச் சொல்லவில்லை. அமுலு உன் கருமாதி அன்று சொன்னாள். நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று நீயே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். படுக்கவைத்திருக்கிறார்கள். அவள் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள்.

“நர்ஸம்மா ரெண்டு வாட்டி வந்து, மார்ல வலி கீதா, கைல வலி எறங்குதா, மூச்சு முட்டுதான்னு கேட்டாங்களாம் அண்ணா. பக்கத்துக் கட்டில்ல இருந்தவரு சொன்னாரு. இவரு ஒவ்வொண்ணுக்கும் நல்லா கீது, நல்லா கீதுன்னு தலையாட்டிக்கினே இருந்தாராம். சிரிச்சிக்கினே.”

நர்ஸ்மேல் எந்தத் தவறும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். நீ சொன்னதை எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் யார் வாயைத் திறந்தாலும் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள் என்று நீ ஊகித்திருப்பாய். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று உனக்குப் பழக்கிக் கொடுத்தது நான்.

ஹோட்டலில் நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. சித்தூரிலிருந்து ஒரு பெரியவர் தன் மகளோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிரானைட் குவாரி வைத்திருக்கிறார் என்று விற்பனையாளர் அறிமுகம் செய்தார். எழுபது வயது இருக்கும், வாழ்நாளெல்லாம் பாறைக்கு வெடி வைத்தவர். நான் கேட்ட அதே கருவியில் அவருக்கு ஒரு பஜனைப் பாட்டு போட்டார்கள்.

“இன்கா கொஞ்சம் ஏத்துப்பா” என்றார் பெரியவர். “ஜால்ரா சத்தமே வரல.”

விற்பனையாளர் கையிலிருந்த ரிமோட்டில் எதையோ அழுத்தினார். ஜால்ரா கண்ணாடிச் சில்லுபோல் அறைக்குள் தெறித்தது.

“நைனா, போதும். காது வலிக்குது” என்று மகள் அவர் கையைத் தொட்டாள்.

“எனக்குத் தெரியும்மா எது நல்லா கீதுன்னு. இன்கா ஏத்து.”

“மேடம், சாருக்குக் கோல்டன் இயர்ஸ்” என்றார் விற்பனையாளர். “லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இந்த மாதிரி காது அமையும். சூப்பரா செட் பண்ணிட்டீங்க சார். இப்பத்தான் நல்லா இருக்கு.”

விற்பனையாளரின் முகத்தை உற்றுப் பார்த்தேன். வாய் சிரித்தது, கண்கள் இறுகிச் சுருங்கியிருந்தன. ஒவ்வொரு ஜால்ரா அடிக்கும் இமைகள் துடித்தன. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். உன் வீட்டில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் அணிந்திருந்த முகம் அதுதான். அவர் அதைச் சம்பளத்துக்குச் செய்கிறார். நான் சும்மா செய்தேன்.

எழுந்து பெரியவருக்கு நேராக நின்று சொன்னேன்: “ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. பெட்டியில குறையில்ல. நீங்க முதல்ல காதை டாக்டர்கிட்ட காட்டணும். இது கேக்கலன்னா குறை காதுலதான்.”

உனக்குச் சொல்லாத வாக்கியத்தை, இத்தனை ஆண்டு பிந்தி, பெயர் தெரியாத ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். பெரியவர் என்னையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். நான் சொன்னது அவருக்கு விழவில்லை.

“இன்னாம்மா சொல்றாரு?”

மகள் என்னை ஒரு நொடி பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, போய்த் தொலை என்பதும் இருந்தது. அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னாள்:

“ஒண்ணுமில்ல நைனா. நல்லா இருக்குன்னு சொல்றாரு.”

பெரியவர் மலர்ந்து எனக்குக் கைகூப்பினார். நானும் கூப்பினேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உன் பெட்டிகளின் முன் உட்கார்ந்தேன். கருமாதி முடிந்த வாரமே அமுலு அவற்றைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஒரே முறை போட்டுப் பார்த்து, என் வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ள, நிறுத்தி வைத்திருந்தேன். அன்று பின்பலகையின் திருகுகளைக் கழற்றினேன். எட்டு புள்ளி இரண்டு ஓமை மறுபடி போட்டுவிட்டால் முதல் ஆண்டுக்குப் போய்விடலாம் என்று எண்ணம்.

நூல் கழிவைக் கைப்பிடி கைப்பிடியாக வெளியே எடுத்தேன். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் நிறம் மங்கவில்லை. ட்வீட்டருக்கு முன்னால் ரெசிஸ்டரே இல்லை. அரைவிரல் நீளச் செம்புக் கம்பியை நேராகப் பற்றவைத்திருந்தாய். பஞ்சுக்குப் பின்னால், பலகையின் உட்பக்கத்தில், பென்சில் எழுத்து. பாவு நூல் மாற்றும்போது தறியின் பீம் உருளையில் குறித்து வைப்பாயே, அதே போல வரிசையாக:

8.2 – சரி.
6.8 – வாத்தி: நல்லா கீது.
4.7 – வாத்தி: நல்லா கீது.
3.3 – வாத்தி: நல்லா கீது. அமுலு எழுந்து கதவாண்ட போயிட்டா.
2.2 – வாத்தி: நல்லா கீது. மூஞ்ச சுளிச்சான்.
1 – வாத்தி: நல்லா கீது. கண்ண மூடிக்கினான்.
கம்பி – வாத்தி: ரொம்ப நல்லா கீது.

அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு: இனிமே இவனக் கேக்கக் கூடாது.

ஆறு முறை. நானே எண்ணியிருந்தால் மூன்றோ நான்கோ என்றிருப்பேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. காது விட்ட இடத்தை என் முகத்தை வைத்து அளந்திருக்கிறாய். ஆய்வகத்தில் நான் செய்யத் தவறிய சோதனையை நீ என்னை உட்காரவைத்துச் செய்திருக்கிறாய். அதில் தோற்றது உன் காது மட்டுமில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன்னையும் நான் விடப்போவதில்லை. 3.3-லேயே உனக்குத் தெரியும். எழுதிய அந்தக் கையால் ஒரு முறை என் சட்டையைப் பிடித்து, “இன்னாடா, பொய் சொல்றியா?” என்று கேட்டிருக்கலாம். நான் உடைந்திருப்பேன். உண்மையைச் சொல்லியிருப்பேன். அதற்குத்தான் நீ பயந்தாய். என் பொய் உனக்குத் தேவைப்பட்டது; அது பொய்தான் என்று பென்சிலால் உறுதி செய்துகொண்டு, திருகைப் போட்டு மூடிவிட்டு, அடுத்த மாதம் என்னிடமே மறுபடி கேட்டாய். என்னைக் குற்றவாளியாக்கும் சாட்சியை, நீ போன பிறகு நான் திறந்து பார்க்கும் இடத்தில் வைத்துவிட்டும் போயிருக்கிறாய். எழுதும்போது சிரித்தாயா, அழுதாயா என்று பலகையில் தெரியவில்லை. உன் கையெழுத்து எப்போதும்போல் சீராக இருக்கிறது.

கம்பியை அறுத்துவிட்டு 8.2-ஐப் பற்றவைத்தேன். இரண்டு பெட்டியிலும். நூல் கழிவை நீ வைத்த அளவுக்கே திரும்ப வைத்தேன். நாகஸ்வரத்தைப் போட்டேன். ஜால்ரா தூணருகே திரும்பிப் போயிற்று. “ஆச்சி, நிறுத்துடா” என்றாய். நிறுத்தினேன்.

மறுநாள் அமுலுவுக்கு நானே பேசினேன். நலம் விசாரித்து முடித்ததும் அவள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

“அவரு பொட்டி பாடுதா அண்ணா? நல்லா கீதா?”

“இப்ப நல்லா கீதும்மா. நேத்துத்தான் சரி பண்ணேன்.” இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “அவன் இருந்தப்ப நல்லா இல்லம்மா. அவன் கேட்ட ஒவ்வொரு வாட்டியும் நல்லா கீதுன்னு நான் பொய் சொன்னேன். அவனுக்குக் காது போவுதுன்னு எனக்குத் தெரியும்.”

மறுமுனையில் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் எந்த மாற்றமும் இல்லாமல் வந்தது.

“எனக்குந்தான் தெரியும் அண்ணா. நான் சொன்னா கேக்க மாட்டாரு, பொம்பளைக்கு இன்னா தெரியும்னுவாரு. நீங்க படிச்சவரு, நீங்க சொன்னா கேப்பாரு. ஒவ்வொரு வாட்டியும் உங்களுக்கு டீ குடுத்துட்டு, இந்த வாட்டியாச்சும் சொல்லுவாருன்னு கதவாண்டயே நின்னுக்கினு இருந்தேன்.”

ஆறு டீ. ஒன்றையும் நான் மிச்சம் வைத்ததில்லை.

அறுத்தெடுத்த செம்புக் கம்பியில் ஒன்று என் சட்டைப் பையில் இருக்கிறது. கல்லூரிக்கும் அதோடுதான் போகிறேன். யாராவது எதையாவது காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்கும்போது, கை முதலில் பைக்குப் போய் அதைத் தொடுகிறது. அதன் பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.